கன்ட்ரோலரைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம் புளியரை. புனலூரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் அங்கே நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் அறையில் வாசம். ஞாயிறு மட்டும் ஊர். தம்பியும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு இயந்திரம் ஊரில் இருக்கிறது. இரவில் அறையிலிருந்தபடி என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதை ஆட முடியுமா? கைப்பேசியை நடுவில் செருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கன்ட்ரோலர் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? ரயிலிலும் ஆடலாமா?

பதில்: ஆடலாம். ஆனால் கன்ட்ரோலருக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை இரண்டு வாரம் தொடாமல் வைத்திருங்கள். இந்த ஏற்பாட்டில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. முதலில் வாங்கிவிட்டு, ‘படம் கட்டம் கட்டமாக உடைகிறது, கன்ட்ரோலர் சரியில்லை’ என்று திருப்பி அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழி அதன்மேல் விழுகிறது. குற்றம் பெரும்பாலும் வீட்டு இணையத்தில் இருக்கிறது.

தொலைவிலிருந்து பிளேஸ்டேஷனை ஆட அதைத் தயாரிக்கும் சோனி தருவது ரிமோட் பிளே செயலி. அது செய்வது இவ்வளவுதான். ஆட்டம் புளியரையில் ஓடுகிறது. அதன் படத்தை உங்கள் வீட்டு இயந்திரம் நேரலை வீடியோவாக அனுப்புகிறது. நீங்கள் அழுத்தும் பொத்தான் மட்டும் இங்கிருந்து அங்கே போகிறது. அப்படியென்றால் பாரம் முழுவதையும் தூக்குவது உங்கள் வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம். நாம் எல்லோரும் பதிவிறக்க வேகத்தைத்தான் சோதித்துப் பெருமைப்படுகிறோம். ‘வீட்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறதே’ என்பார்கள். வருவது இருக்கட்டும், போவது எவ்வளவு? சோனி கேட்பது குறைந்தது 5 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 5 மெகாபிட். நன்றாக ஆட 15. ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் போவதும் வருவதும் சமமாக இருக்கும். டவரிலிருந்து காற்று வழியாக வரும் வீட்டு இணைப்பென்றால் பதிவேற்றம் பாதியாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கும். மாலை ஏழு மணிக்குமேல் இன்னும் சுருங்கும். நீங்கள் ஆடப்போகும் நேரமும் அதுதான். ஆகவே தம்பியிடம் சொல்லி, இரவு ஒன்பது மணிக்கு, பிளேஸ்டேஷன் இருக்கும் அறையில் நின்று அந்த எண்ணை மூன்று நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

ரவுட்டர் முன்கட்டிலும் டிவி உள்ளறையிலுமாக இருந்து, நடுவில் பழைய கனத்த சுவர் நின்றால், வைஃபையை நம்ப வேண்டாம். ரவுட்டரிலிருந்து இயந்திரத்துக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. எந்த விலையுயர்ந்த கன்ட்ரோலரும் தராத முன்னேற்றத்தை அது தரும்.

வரும் ஞாயிறு ஊருக்குப் போகும்போது, பிளேஸ்டேஷன் அமைப்புகளில் ரிமோட் பிளேயை இயக்கிவிடுங்கள். ஓய்வு நிலையில் இருக்கும்போதும் இணையத்தோடு இணைந்திருக்கவும், வலையமைப்பு வழியாக இயந்திரத்தை எழுப்பவும் தனித்தனியே இரண்டு அனுமதிகள் உண்டு, இரண்டையும் கொடுங்கள். உங்கள் கணக்கில் நுழைந்து, வீட்டு வைஃபையிலேயே கைப்பேசியை ஒருமுறை இணைத்துப் பாருங்கள். பிறகு புனலூர் போய், கன்ட்ரோலர் இல்லாமலே ஒரு வாரம் சோதியுங்கள். செயலியே திரையில் பொத்தான்களைக் காட்டும். விரல் திரையை மறைக்க ஆடுவது எரிச்சலாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது படம் உடையாமல் ஓடுகிறதா, பொத்தானுக்கும் அசைவுக்கும் இடையே எவ்வளவு தாமதம் என்பதை மட்டும்.

தாமதம் இருக்கவே செய்யும். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் ரயில் பாதையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் உங்கள் பொத்தான் அழுத்தம் மலையேறிக் குறுக்குவழியில் போகாது. அறையின் இணைய நிறுவனமும் வீட்டு இணைய நிறுவனமும் எந்தப் பெருநகரத்தில் கைகுலுக்குகின்றனவோ அங்கே போய்ச் சுற்றி வரும். நொடிக்கு 60 சட்டகம் (பிரேம்) ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி நொடி. போய்வர 40 மில்லி நொடி ஆனால் இரண்டரைச் சட்டகம் பின்தங்குகிறீர்கள்; படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம் அதற்கு மேல். கதை ஆட்டங்களிலும் முறை வைத்து ஆடும் ஆட்டங்களிலும் இது தெரியாது. கால்பந்து பழகிக்கொள்ளலாம். சண்டை ஆட்டங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி டேட்டாவில் ஆடலாமா என்றால், கணக்கெழுதுபவரான உங்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. 15 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி திட்டம் பதினெட்டு நிமிடத்தில் காலி. தரத்தை இறக்கி 5 எம்பிபிஎஸ்ஸில் ஓட்டினால் ஐம்பத்து மூன்று நிமிடம். அளவில்லா 5ஜி கிடைக்கும் திட்டமும், அறைக்குள் 5ஜி சிக்னலும் இருந்தால் மட்டும் அதை நினையுங்கள்.

இன்னொன்று, ஆடிக்காற்று. அந்த மாதங்களில் உங்கள் ஊரில் மின்சாரம் எப்படிப் போய் வரும் என்பது உங்களுக்கே தெரியும். மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் பிளேஸ்டேஷன் ஓய்வு நிலையில் இருக்காது, முழுதாக அணைந்துவிடும். புனலூரிலிருந்து எழுப்ப முடியாது. அம்மாவைப் போனில் அழைத்து, எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொடுத்து வையுங்கள். தம்பியிடமும் நேரம் பேசிக்கொள்ளுங்கள்: ஒரே இயந்திரத்தில் இரண்டு பேர் இரண்டு ஆட்டம் ஆட முடியாது.

ஒரு வாரச் சோதனையில் தேறிவிட்டால் கன்ட்ரோலருக்கு வருவோம்.

பிளேஸ்டேஷனோடு வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரையே ப்ளூடூத்தில் கைப்பேசியோடு இணைக்கலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் சிக்கலில்லை. கிரியேட் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தால் போதும். முன்பெல்லாம் அப்படி இணைத்தால் வீட்டு இயந்திரத்தோடு இருந்த உறவு அறுந்துவிடும், மறுபடி கேபிள் போட வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு நான்கு கருவிகள்வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. சிக்கல் வேறு இடத்தில். பெட்டியில் வருவது ஒரே ஒரு டூயல்சென்ஸ். அதை நீங்கள் கொண்டுபோய்விட்டால் பகலில் தம்பி எதை வைத்து ஆடுவார்? மேலும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைக்காரர்கள். நான்கு பேர் அறையில், நான்கு பேரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், இரண்டும் முட்டிக்கொள்ளும். அறை ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

யூஎஸ்பி-சி முனையில் நேராகச் செருகும் கன்ட்ரோலருக்கு இந்தத் தொல்லை இல்லை. தனியாகச் சார்ஜ் போடவும் வேண்டாம். பேக்போன் ஒன், ரேசர் கிஷி, கேம்சர் வகைகள் எல்லாம் இந்த இனம். உங்கள் தேவைக்கு நான் சொல்வது, பேக்போனின் பிளேஸ்டேஷன் பதிப்பு. சோனியின் உரிமம் பெற்றது என்பதைவிட, பொத்தான்களில் முக்கோணமும் வட்டமும் இருப்பதுதான் காரணம். மற்றவற்றில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்றிருக்கும். ஆட்டம் திரையில் பெருக்கல் குறியைக் காட்டும். அது பிளேஸ்டேஷனில் கீழ்ப்பொத்தான். உங்கள் கட்டைவிரல் எக்ஸ் எழுத்தைத் தேடிப் போகும். அதுவோ இடப்பக்கம், சதுரத்தின் இடத்தில். பந்தைத் தட்டிக்கொடுக்கப் போய் வேறெதையோ செய்துவிடுவீர்கள். ஒரு வாரம் தாண்டினால் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

வேறு எதையாவது வாங்குவதானால், ரிமோட் பிளே செயலியோடு ஒத்துப்போகும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்குகள் ஹால் எஃபெக்ட் வகையா என்றும் கேளுங்கள். காந்தத்தால் வேலை செய்பவை, உரசித் தேய்ந்து தானாக நகரும் நோய் அவற்றுக்கு எளிதில் வராது. முடிந்தால் கடைக்கே கைப்பேசியைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். கவரோடு உட்காராதவை அதிகம். கேமரா மேடு பின்பக்கத்தில் முட்டும். ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றி மாட்டுவது மூன்றாம் நாளே அலுத்துவிடும்.

செருகியும் உயிர் வரவில்லையென்றால் பதற வேண்டாம். என் அக்கா மகன் புதுக் கன்ட்ரோலரைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு ஒட்டியே விட்டான். அவனுடைய கைப்பேசி, ஓடிஜி என்ற இணைப்பை நாமே இயக்கினால்தான் வெளிக்கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் வகை. பத்து நிமிடம் சும்மா இருந்தால் அதுவாகவே அணைத்தும்விடும். அமைப்புகளில் ‘ஓடிஜி’ என்று தேடி இயக்கியதும் கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது. ஒட்டிய டேப்பைப் பிரிக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதே கன்ட்ரோலரை வைத்து அறை நண்பர்களோடு பிஜிஎம்ஐ என்ற கைப்பேசிச் சுடும் ஆட்டத்தை ஆடலாம் என்ற எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஆட்டம் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. பொத்தானைத் திரைத் தொடுதலாக மாற்றிக்காட்டும் செயலிகளைப் போட்டால் கணக்கே முடக்கப்படலாம். கால் ஆஃப் டூட்டி மொபைல் ஏற்கும். கன்ட்ரோலர் பிடித்தவர்களைக் கன்ட்ரோலர் பிடித்தவர்களோடுதான் சேர்த்துவிடும்.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். நான் முயன்று பார்த்திருக்கிறேன். செங்கோட்டையில் ஏறி, கால்பந்து ஆட்டமொன்றைத் தொடங்கி, பகவதிபுரம்வரை அருமையாக ஓடியது. பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்தேன். ரயில் குகைக்குள் நுழைந்தது. ஆரியங்காவில் வெளிச்சம் வந்தபோது கைப்பேசியில் கேரளா வரவேற்கிறது என்ற குறுஞ்செய்திதான் இருந்தது. தமிழ்நாடும் கேரளாவும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். ஒரு பக்க டவரைவிட்டு மறுபக்க டவரைப் பிடிக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நேரலை அப்படியே அறுந்துவிடும். அதன்பிறகு தென்மலைவரை மலையும் காடும். சிக்னல் வருவதும் போவதுமாகவே இருக்கும்.

அந்தப் பயணத்துக்கு, இணையமே வேண்டாத, கைப்பேசிக்குள்ளேயே இறக்கி வைத்த ஆட்டங்கள்தான் சரி. ஸ்டார்டியூ வேலி, மைன்கிராஃப்ட், டெட் செல்ஸ் மூன்றும் கன்ட்ரோலரோடு ஒழுங்காக ஓடும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பதிமூன்று கண் பாலம் வரும்போது மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு எட்டிப் பாருங்கள். நிறுத்தி வைக்கும் வசதி இந்த மூன்றிலும் உண்டு.