உறைமீன் பாக்கெட்டின் பின்பக்கம்

கேள்வி: பிள்ளைகளுக்கு ஃப்ரோசன் ஃபிஷ் ஃபிங்கர் என்றால் உயிர். பாக்கெட்டின் பின்னால் 450, 451 என்று எண்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா? – வாசகி, கோவை

பதில்: எண்களைப் பற்றி அடுத்த கேள்வியில் பார்ப்போம். முதலில் உள்ளே மீன் எவ்வளவு என்று பாருங்கள். எடை கூடுதலானதில் தொடங்கி இறங்குவரிசையில் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் மீன் முதலில் இருப்பதாலேயே பாதிக்கு மேல் மீன் என்று நினைத்துவிடக் கூடாது. மைதா, ரொட்டித்தூள், ஸ்டார்ச், எண்ணெய் என்று பிரிந்து நிற்பவற்றைக் கூட்டினால் மீனை மிஞ்சக்கூடும்.

சதவீதம் போடாத பாக்கெட்டில் புரதத்தை வைத்து உத்தேசமாகக் கணக்கிடலாம். வெள்ளைச் சதை மீனில் 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரதம் உண்டு. லேபிளில் 11 கிராம் என்றிருந்தால் மாவு, ரொட்டித்தூள் வகையில் 3 கிராமைக் கழியுங்கள். மிச்சம் 8 கிராம் புரதத்துக்கு 45 கிராம் மீனே போதும். சோயா புரதமும் சேர்த்திருந்தால் மீன் அதற்கும் குறைவு.

அடுத்தது சோடியம். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 450 மி.கி. என்றிருக்க, பிள்ளை 150 கிராம் சாப்பிட்டால் 675 மி.கி. சோடியம், அதாவது ஏறத்தாழ 1.7 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராம்தான் வரம்பு. தொட்டுக்கொள்ளும் சாஸ் தனிக்கணக்கு! சிறிதாகக் காட்டப்படும் 'ஒரு பரிமாறல்' கட்டத்தை நம்பாமல், 100 கிராம் கட்டத்தைப் படியுங்கள்.

மேல்பூச்சு ஒட்டி நிற்க, ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் முக்கி எடுக்கிறார்கள். பட்டியலில் பாமோலின் வருவது அதனால்தான். அப்போதும் உள்ளே மீன் பச்சையாகவே இருக்கும். வீட்டில் மறுபடி பொரித்தால் எண்ணெய் ஏறும். ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு, உள்ளே ஆவி பறக்கும்வரை வேகவையுங்கள். உறைநிலையிலேயே போடவும், உருகவிட்டால் ஈரம் கசிந்து பூச்சு கழன்றுவிடும்.

வாரம் ஒருநாள் நொறுக்குத்தீனியாக இருக்கட்டும். மீன் சாப்பாட்டுக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பாசா மீன் துண்டுகளை வாணலியில் போட்டால் தண்ணீராக விடுகிறது. கலப்படமா? – வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் 450, 451, 452 என்ற எண்களில் வரும் பாஸ்பேட்டுகளின் வேலை. சதை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சேர்ப்பவை, அனுமதிக்கப்பட்டவையே. நட்டம், மீன் விலையில் தண்ணீர் வாங்குவது. ஆனால் சிறுநீரக நோயாளிகள் இதைத் தவிர்ப்பது நல்லது. சேர்க்கப்படும் பாஸ்பேட் உடலில் எளிதாக உறிஞ்சப்படும். பட்டியலில் 'மீன்' ஒன்று மட்டுமே உள்ள பாக்கெட்டைத் தேடுங்கள். இன்னொன்று: வியட்நாமில் பெருமளவில் வளர்க்கப்படும் இந்தப் பாசாவில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு குறைவு. அதற்காகத்தான் மீன் என்றால் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்குங்கள், பணமும் மிச்சம்.

கேள்வி: கிராப் ஸ்டிக்கில் நண்டு உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இல்லை. அலசி அரைத்த மீன் சதையான சுரிமியோடு ஸ்டார்ச், சர்க்கரை, முட்டை வெள்ளை, நிறமி சேர்த்தது. நண்டின் சாறு கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பதால் நண்டு ஒவ்வாமை உள்ளவர்களும், முட்டை ஆகாதவர்களும் ஒவ்வாமை வரியைப் படிக்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: பாக்கெட்டுக்குள் பனித்தூள் நிறைய இருந்தால்? – வாசகர், கடலூர்

பதில்: துண்டுகள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்து, பனித்தூளும் நிறைய இருந்தால், நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உறைமீனை வைத்திருக்க வேண்டிய மைனஸ் 18 டிகிரி குளிர் தவறியிருக்கும். கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றில் இப்படி உருகும்போது, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகலாம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.