நம் ஆற்றுக் கணக்கு ஜெர்மனிக்கு எதற்கு?

கேள்வி: நம் ஆறுகளில் ஓடும் தண்ணீரின் கணக்கை ஜெர்மனிக்கும் பக்கத்து நாடுகளுக்கும் கொடுக்கிறார்களாமே? குழாயிலேயே தண்ணீர் வராதபோது இது தேவையா?
– ஒரு வாசகி, லெனேசியா, தென்னாப்பிரிக்கா

பதில்: குழாயில் காற்று மட்டும் வந்தால் யாருக்கும் கோபம் வரும்தான். ஆனால் போவது தண்ணீர் இல்லையே அம்மா, வெறும் எண்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988 முதல் உலக ஆற்று நீரோட்டத் தரவு மையம் என்று ஒன்று இருக்கிறது. நாடுகள் தாமாகக் கொடுக்கும் அளவுகளைச் சேர்த்து வைத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறது. வறட்சி கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்ல பல பத்தாண்டுகளின் கணக்கு வேண்டுமல்லவா, அதற்காக. ஜெர்மனி விஷயம் அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டு விஷயம் வேறு. உங்கள் வீட்டுக்கு வரும் வால் நதித் தண்ணீரில் ஒரு பங்கு லெசோத்தோவின் கட்சே அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. 1986 ஒப்பந்தப்படி அதற்கு நாம் பணம் கட்டுகிறோம். எவ்வளவு வந்தது என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பில் போடுவது எப்படி?

அங்கே தண்ணீர் வரும் வழியில் நாம் கீழே இருக்கிறோம். லிம்போபோ, இன்கோமாட்டி ஆறுகளில் நாம் மேலே, மொசாம்பிக் கீழே. 2000 பிப்ரவரியில் பெருமழை, அதன் மேல் எலின் புயல். லிம்போபோ கரை புரண்டு சோக்வே ஊரையே மூழ்கடித்தது, அந்த ஆண்டு வெள்ளத்தில் மொசாம்பிக்கில் சுமார் 700 பேர் இறந்தார்கள். மேலே ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த அணையை எப்போது திறக்கிறார்கள் என்பது சில மணி நேரம் முன்னால் தெரிந்தால்கூட பிள்ளைகுட்டிகளோடு மேட்டுக்குப் போய்விடலாம். லெசோத்தோவிடம் கணக்குக் கேட்டுவிட்டு மொசாம்பிக்கிடம் மறைப்பது என்ன நியாயம்?

1997 ஐ.நா. நீர்வழி உடன்படிக்கையும், நாமும் சேர்ந்திருக்கும் தெற்கு ஆப்பிரிக்க வட்டார நாடுகளின் 2000ஆம் ஆண்டு ஒப்பந்தமும் ஆற்றுக் கணக்கைப் பக்கத்து நாடுகளோடு பகிர வேண்டும் என்றுதான் சொல்கின்றன. காகிதத்தில் குறை இல்லை. ஆற்றங்கரையில்தான் சிக்கல்: வெள்ளம் அளவுக் கருவியையே அடித்துக்கொண்டு போகும், தப்பித்த கருவியின் சூரியத் தகட்டை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள்.

சரி, உங்கள் குழாய்? அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2023 அரசு அறிக்கைப்படி நம் நகராட்சிகள் விடும் தண்ணீரில் சுமார் 47 சதவீதம் ஒழுகியோ, கணக்கில் வராமலோ காசில்லாமல் போகிறது. அதை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.