தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கித் தரவில், விண்மீன்மண்டல மையத்திலிருந்து பாயும் ஜெட் தெளிவாக வருகிறது, அதன் முனையில் பரந்து கிடக்கும் லோப் மட்டும் மங்கிவிடுகிறதே, ஏன்?

டர்பனில் எம்.எஸ்சி படிக்கும் தம்பிக்கு: மையமும் ஜெட்டும் சரி, லோபைச் சுற்றி மட்டும் எதிர்மறை மதிப்புகள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் குறுகிய பேஸ்லைன்களை, அதாவது நெருங்கி நிற்கும் டிஷ் ஜோடிகளைப் பாருங்கள்.

கார்னார்வன் பக்கம் காரூவில் நிற்கும் 64 டிஷ்களில் மிக நெருங்கிய ஜோடிக்கு இடைவெளி 29 மீட்டர். 1.28 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 23 செ.மீ. அலைநீளத்தை இடைவெளியால் வகுத்தால் ஏறக்குறைய 27 ஆர்க்நிமிடம் (ஒரு பாகைக்கு 60 ஆர்க்நிமிடம்). அதைவிடப் பெரிதாகப் பரவிய ரேடியோ ஒளி பதிவாகவே செய்யாது. பாதி அளவிலேயே இழப்பு தொடங்கிவிடும். 8 பாகைக்குப் பரந்த சென்டாரஸ் ஏ என்ற ரேடியோ விண்மீன்மண்டலத்தை முதல் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் லோப் சில ஆர்க்நிமிடம்தான் என்றால் ஃபிளாகிங்கை, அதாவது குறுக்கீடு பட்ட தரவை வெட்டி நீக்குவதைச் சந்தேகிக்கணும். செயற்கைக்கோள், செல்பேசிக் குறுக்கீடு குறுகிய பேஸ்லைன்களில்தான் பலமாக நிற்கும். நீண்டவற்றில் ஃபிரிஞ்ச் (இரு டிஷ்களின் அலைகள் சேர்ந்து உண்டாக்கும் வரிவடிவம்) வேகமாகச் சுழல்வதால் சராசரியில் கரைந்துபோகும். ஆகவே தானியங்கி ஃபிளாகர், லோபைக் காட்டும் பேஸ்லைன்களையே அதிகம் வெட்டுகிறது. 1150 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை இது கடுமை. ஃபிளாகிங் முடிந்ததும் 100 மீட்டருக்குக் கீழே என்ன மிஞ்சியது என்று சேனல் (அதிர்வெண் துண்டு) வாரியாக வரைந்து பாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை, செய்தே ஆகணும்.

அடுத்து செல்ஃப்-கேலிபரேஷன், அதாவது கிடைத்த படத்தையே மாடலாக வைத்து டிஷ்களின் பிழையைத் திருத்துவது. மாடலில் லோப் முழுசாக இல்லாதபோது ஆம்ப்ளிட்யூடைத் (அலையின் வீச்சை) தீர்த்தால், அந்த ஒளியை கெயின் (ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் போடும் திருத்தக் காரணி) விழுங்கிவிடும். முதலில் மல்டிஸ்கேல் கிளீன் (சிறிதும் பெரிதுமான அமைப்புகளைச் சேர்த்துப் படமாக்கும் முறை), லோபையும் உள்ளடக்கிய மாஸ்க் (ஒளியைத் தேட வேண்டிய பகுதியின் எல்லை), ஃபேஸ் (அலையின் கட்டம்) மட்டும் தீர்ப்பது. ஆம்ப்ளிட்யூட் வேண்டுமென்றால் 150 மீட்டருக்கு மேற்பட்ட பேஸ்லைன்களை மட்டும் வைத்துத் தீர்க்கலாம். படமாக்கும்போது பேஸ்லைன்களுக்குத் தரும் எடையை நிர்ணயிக்கும் ராபஸ்ட் மதிப்பு லோபுக்கு 0, ஜெட்டின் முடிச்சுகளுக்கு -1 பக்கம். ஒரே படத்தில் இரண்டையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நிறமாலைக் குறியீடு (அதிர்வெண்ணோடு ஒளி மாறும் வேகம்) கணக்கிடும் முன் பிரைமரி பீம் (ஒரு டிஷ் பார்க்கும் வானப்பரப்பு) திருத்தம் கட்டாயம். அதிர்வெண் ஏற ஏற பீம் குறுகும். மையத்திலிருந்து அரைப்பாகை தள்ளியிருக்கும் லோபின் நிறமாலை பொய்யாகச் செங்குத்தாகத் தெரியும். அதிர்வெண்ணைப் பிரித்த எல்லா துணைப் பட்டைகளுக்கும் ஒரே தெளிதிறன், அலைநீளக் கணக்கில் ஒரே குறைந்தபட்ச பேஸ்லைன் வையுங்கள்.

4096 சேனல், 8 விநாடிக்கு ஒரு பதிவு, நான்கு போலரைசேஷன் என்றால் விசிபிலிட்டி (டிஷ் ஜோடிகள் தரும் மூல அளவீடு) மட்டுமே மணிக்கு 119 ஜிபி. வீட்டு இணையத்தில் இறக்க முயலாமல் கேப் டவுனின் இலிஃபு கணினி மையத்திலேயே வேலை செய்யுங்கள், 1024 சேனலாகச் சுருக்கி.

கடைசியில் லோப்களோடு சேர்ந்த மொத்த ஒளியை, ஆஸ்திரேலியாவின் ஒற்றை டிஷ்ஷான பார்க்ஸ் தொலைநோக்கிப் பட்டியலின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அளவோடு ஒப்பிடுங்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் ஃபிளாகிங்கிலிருந்து மறுபடி தொடங்கணும்.