பேரே இல்லாத பழைய லக் ஃபிரேம் ரோட் பைக், யார் செஞ்சதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

யார் செஞ்சதுன்னு கேட்டு நீங்க போட்ட சைக்கிள் இங்கிலாந்துல 40 பவுண்டுக்கு வாங்கினது, மேல கறுப்பு பெயின்ட், ஸ்டிக்கர் எதுவும் இல்ல, பின்னாடி கேம்பக்னோலோ (இத்தாலி கம்பெனி) டீரெய்லர், அதாவது கியர் மாத்துற பார்ட், இதானே? முதல்ல பெயின்ட்ட சுரண்டாதீங்க. லக் (lug, ஃபிரேம் குழாய்ங்க சேர்ற இடத்துல மாட்டுற உலோக உறை) இருக்குறதால மட்டும் கைவேலைன்னு சொல்லிட முடியாது, ஃபேக்டரி சைக்கிள்லயும் லக் தான் வெச்சாங்க, ஓரத்த அரத்தால ராவி மெலிசாக்கியிருக்கான்னு பாருங்க, அது நல்ல அறிகுறி.

அடுத்து சீட் போஸ்ட்ட கழட்டுங்க, அதுல விட்டம் 27.2 மி.மீ.னு பொறிச்சு, ஃபிரேம்லயும் கச்சிதமா உக்காந்திருந்தா ரெனால்ட்ஸ் 531 மாதிரி நல்ல ஸ்டீல் குழாயா இருக்க சான்ஸ் ஜாஸ்தி, 26-க்கும் கீழன்னா பெருசா ஆசைப்படாதீங்க. சைக்கிள கவுத்து பெடல் அச்சு போற குழாய்க்கு அடியில நம்பர் தேடுங்க. முன் சக்கரத்த பிடிக்கற ஃபோர்க்கோட குழாயிலயும் அதே நம்பர் இருந்தா ஃபோர்க் ஒரிஜினல், ஜாக்பாட் தான்.

பார்ட்ஸ்க்கு வயசு சொல்றது ஈஸி. டீரெய்லர்ல பேடன்ட்-74ன்னு (Patent-74) இருந்தா அது 1974ல செஞ்சது, கேம்பக்னோலோ ஹப் நட்டுலயும் சிலதுல வருஷம் இருக்கும். ஷிமானோ பார்ட்ஸ்ல ரெண்டு எழுத்து பாருங்க, முதல் எழுத்து வருஷம், A-ன்னா 1976, B-ன்னா 1977, அப்படியே போகும், ரெண்டாவது எழுத்து மாசம். எல்லாம் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள வந்தா யாரும் பெருசா மாத்தல. பின் சக்கர இடைவெளி 120 மி.மீ.ன்னா 5 ஸ்பீடு காலம், 126ன்னா அதுக்கு அப்புறம்.

நம்பர், லக், பின் டிராப்அவுட் (பின் சக்கர அச்சு உக்கார்ற இடம்) மூணையும் க்ளோஸ்அப்ல போட்டோ எடுத்து போடுங்க, முழு சைக்கிள் போட்டோவ வெச்சு பில்டர் பேர சொல்றது சும்மா ஊகம் தான்.