எது இழுக்கிறது?

கேள்வி: சாகக் கிடப்பவரை ‘இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்கிறார்களே, எது இழுக்கிறது?

பதில்: மூச்சுதான். கடைசி நேரத்தில் மூச்சு வேகமாகி, மெலிந்து, சற்று நின்று, மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில் சுற்றி நிற்பவர்களுக்குத்தான் உயிர் போய் வரும். அப்புறம் தொண்டையில் ‘கொறகொற’ சத்தம். விழுங்கும் சக்தி போனதால் எச்சிலும் சளியும் தேங்கி எழுகிற ஓசை. திருவையாற்றுப் பதிகத்தில் சம்பந்தர் இதை ‘ஐம்மேல் உந்தி’ என்று பாடிவிட்டார். ஐ என்றால் கோழை. என்ன கூர்மையான கவனிப்பு! முஸ்லிம்கள் இந்த நிலையை ‘சக்கராத்’ என்பார்கள். அந்த அரபிச் சொல்லில் மயக்கம் என்ற பொருளும் இருக்கிறது.

‘மரண அவஸ்தை’ என்பதுதான் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நர்ஸாக வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அந்தச் சத்தம் கேட்பவரை வதைக்கிற அளவுக்கு, நினைவு மங்கிய நோயாளியைப் பெரும்பாலும் வதைப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பல நேரம் குறையும். வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தால் போதும்.