பாரசீகத்தில் 'மிகக் குறைந்த'

கேள்வி: பாரசீகம் படிக்கிறேன். 'மொஹெம்' என்றால் முக்கியமான, 'மொஹெம்தரீன்' என்றால் மிக முக்கியமான, சரி. எல்லாவற்றிலும் முக்கியத்துவம் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? 'கம்தரீன் மொஹெம்' சரியா?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: இல்லைங்க, அது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. 'கம்தரீன்' பெயர்ச்சொல்லோடுதான் இயல்பாகச் சேரும். 'கம்தரீன் கெய்மத்' என்றால் மிகக் குறைந்த விலை. பண்புக்கு வேறு வழி: முக்கியத்துவம் என்ற பெயர்ச்சொல்லை, அதாவது 'அஹம்மியத்'தை எடுத்து, முன்னால் 'கம்' (குறைந்த) போட்டு 'கம்அஹம்மியத்' என்று ஒரே பெயரடையாக்கி, அப்புறம் கடைசியில் 'தரீன்' ஒட்டினால் 'கம்அஹம்மியத்தரீன்', அவ்வளவுதான். இதே கணக்கில் 'கதர்' (ஆபத்து) 'கம்கதர்தரீன்' ஆகும். நாம் கடையில் சொல்கிற 'கம்மி' இந்தக் 'கம்' வீட்டுப் பிள்ளைதான்.

எதிர்ச்சொல் கைவசம் இருந்தால் இந்தச் சுற்றே வேண்டாம். விலை குறைந்ததற்கு 'அர்ஸான்தரீன்' (மிக மலிவான) போதும், பேச்சில் அதுதான் அழகு.

இடத்தைக் கவனியுங்கள். சாதாரணப் பெயரடை பின்னால் வரும், நடுவில் ஓர் 'எ' இணைப்போடு: 'கெதாப்-எ அர்ஸான்', மலிவான புத்தகம். 'தரீன்' வந்துவிட்டால் முன்னால் தாவிவிடும், 'எ'யும் போய்விடும்: 'அர்ஸான்தரீன் கெதாப்'.

வினையோடு வந்தால் நமக்கு ரொம்ப வசதி. 'ஊ அஸ் ஹமே கம்தர் ஹர்ஃப் மீஸனத்', அவர் எல்லோரையும் விடக் குறைவாகப் பேசுகிறார். 'அஸ் ஹமே' அப்படியே நம் 'எல்லோரையும் விட'. தமிழில் 'தரீன்' மாதிரி ஒட்டு கிடையாது, இப்படித்தானே சமாளிக்கிறோம்!