வெள்ளரிக் கொடிக்கு என்ன கோளாறு? வடசென்னை மாடித் தோட்டக் கேள்வி பதில்

ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடிகள் பூத்துக் காய்க்கிற நேரம். அதனால் வந்த கேள்விகளில் முக்கால்வாசி வெள்ளரியைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்களே, கொஞ்சம் பொறுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது.

கொருக்குப்பேட்டையிலிருந்து: அக்கா, கொடி முழுக்கப் பூ. ஆனால் எல்லாம் உதிர்ந்து விழுகிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை.

விழுவது ஆண் பூ தம்பி. வெள்ளரியில் முதலில் வருவது ஆண் பூதான், பெண் பூ ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும். பூவுக்குப் பின்னால் பாருங்கள். வெறும் காம்பு என்றால் ஆண். காம்புக்கும் இதழுக்கும் நடுவில் சொரசொரப்பாகக் குட்டி வெள்ளரி ஒட்டியிருந்தால் பெண். வெயில் அதிகமானாலும் தழைச்சத்து அதிகமானாலும் ஆண் பூக்கள்தான் கூடும். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றுகிறவராக இருந்தால் அதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

பெரம்பூரிலிருந்து: பெண் பூ நன்றாக வருகிறது. பிஞ்சு சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. நான்காவது மாடி.

நான்காவது மாடி என்று நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். மகரந்தம் சேரவில்லை. அந்த உயரத்துக்குத் தேனீ வருவது குறைவு. காலையில் பூ விரிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அந்தப் பூவுக்கு அந்த ஒரு நாள்தான், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் போச்சு. பக்கத்தில் துளசியைப் பூக்க விடுங்கள், தேனீ தானாகத் தேடி வரும். வேப்ப எண்ணெய் தெளிப்பதானால், தேனீ போன பிறகு சாயங்காலம் மட்டும். காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பி வளைந்தால், அதுவும் பெரும்பாலும் அரைகுறையாகச் சேர்ந்த மகரந்தத்தின் வேலைதான்.

திருவொற்றியூரிலிருந்து: இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பாகிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன். என்ன சத்துக் குறைவு அக்கா?

இதே கேள்வி தண்டையார்பேட்டை, எர்ணாவூரிலிருந்தும் வந்தது. சத்துக் குறைவாகத் தெரியவில்லை. உப்பு அதிகம். செடி வளர்க்கும் பையின் மேல்மண்ணில், அடி ஓட்டைகளைச் சுற்றி, வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். விரலில் தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும். கடலோரத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தக்காளி ஓரளவு தாங்கும், வெள்ளரி தாங்காது.

முதலில் பையில் நல்ல தண்ணீரை அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வழிந்த உப்பை வேர் திரும்பக் குடிக்கும். அப்புறம் மெட்ரோ தண்ணீரையோ (குடிநீர் வாரியம் விடுவது), பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ மட்டும் விடுங்கள். ஏசி தண்ணீரில் உப்பு கிடையாது, அதை போர் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். வீணாகிறதே என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மெட்ரோ தண்ணீரும் கடல் தண்ணீர்தானே என்று ஒருவர் பயந்து கேட்டிருந்தார். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, உண்மைதான். உப்பை எடுத்துவிட்டுத்தானே அனுப்புகிறார்கள்? நாம் குடிப்பதைச் செடியும் குடிக்கும்.

தேங்காய் நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே மண்ணில் கலந்தவர்களுக்கும் இதே தொல்லை வரும். அதிலும் உப்பு உண்டு. சாயம் வெளுக்கும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து போடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: காய் கசக்கிறது. பக்கத்துத் தொட்டியில் பாகற்கொடி இருக்கிறது, அதனால்தான் என்கிறார் மாமியார்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். ஆனால் பாகற்காய் மேல் குற்றமில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. வேறு வெள்ளரி ரகத்தின் மகரந்தமே சேர்ந்தாலும் மாற்றம் விதையில்தான் இருக்கும், இந்தக் காயின் ருசி மாறாது. கசப்புக்குக் காரணம் குக்குர்பிடசின் என்ற பொருள். கொடி வாடும்போது அது கூடும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது, சூடேறும் சிறிய தொட்டி, கத்தரி வெயில் எல்லாம் இதற்குக் காரணம். வெயில் நாளில் காலையும் மாலையும் அளவாக ஊற்றி, மண்மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்புங்கள். பையும் குறைந்தது 15 அங்குல அகலமாவது இருக்கட்டும்.

நுனியை வெட்டி நுரை வரத் தேய்த்தால் கசப்பு போகும் என்பார்கள். தேய்ப்பதால் பெரிதாக ஒன்றும் போவதில்லை. கசப்பு காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம், அந்த இடத்தை வெட்டி எறிவதால்தான் குறைகிறது. வாயில் வைக்க முடியாத அளவு கசந்தால் சாப்பிடாதீர்கள், வயிற்றைக் கலக்கும்.

எண்ணூரிலிருந்து: இலைமேல் வெள்ளையாகப் படிகிறது. சாம்பல் நோயா, அனல்மின் நிலையச் சாம்பலா, தெரியவில்லை.

இந்தச் சந்தேகம் உங்கள் ஊருக்கே உரியது! ஈரத் துணியால் ஓர் இலையைத் துடையுங்கள். வெளியிலிருந்து விழுந்த தூசியானால் இலை முழுக்கப் பரவலாக இருக்கும், துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். நோயானால் மாவு தொட்ட விரலை வைத்ததுபோல் வட்ட வட்டமாக இருக்கும், துடைத்த இடத்திலேயே சில நாளில் மறுபடி வரும். தூசிக்குக் காலையில் இலையைக் கழுவினால் போதும், காயையும் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். நோய்க்கு, பட்ட இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு பங்கு புளித்த மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள். கடையில் கந்தகத் தூள் தருவார்கள். வெயில் நாளில் அது வெள்ளரி இலையைக் கருக்கிவிடும், வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து: மீன் கழிவு நிறையக் கிடைக்கிறது. பைக்குள் புதைக்கலாமா?

பூனை தோண்டும், எலி வரும், அழுகும் சூட்டில் வேரும் வெந்துபோகும். சம எடை வெல்லம் சேர்த்து மூடி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் தேன் பதத்தில் மீன் அமிலம் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி. காசிமேட்டுக்காரர் இதைக் கடையில் காசு கொடுத்து வாங்கினால் எனக்கே வருத்தமாக இருக்கும்.

கொளத்தூரிலிருந்து: காய்க்குள் புழு. மாமரத்துக்கு வைக்கும் பழ ஈப் பொறியை வாங்கி மாட்டினேன், ஈ விழவே இல்லை.

விழாது. மாமரத்துக்கான பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால். வெள்ளரி, பீர்க்கு, பாகலைத் தாக்கும் ஈ அதற்கு வராது, இந்த ஈக்குக் கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வேண்டும். கடையில் "காய்கறிக் கொடிக்கு" என்று கேட்டு வாங்குங்கள். பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும், அதில் பிசின் துளியும் தெரிந்தால் உள்ளே முட்டை வைத்தாயிற்று. அந்தக் காயைக் கம்போஸ்டில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி மறுபடி ஈயாக வரும். பாலிதீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போடுங்கள். நாலைந்து காய்தான் என்றால், பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகிதப் பை கட்டுவதே சுலபம்.

மாதவரத்திலிருந்து: மதியம் கொடி துவண்டுவிடுகிறது.

சாயங்காலம் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள், அது வெயில். விடிகாலையிலும் துவண்டே கிடந்தால் வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் அடுத்து வெள்ளரி வேண்டாம், செண்டுமல்லி (துலுக்கச் சாமந்தி) போடுங்கள்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து: ஐப்பசியில் விதைக்கலாமா?

அடைமழையில் இலை நனைந்தே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் வந்து கொடியே காலியாகும். கூரை போட வசதியில்லை என்றால் தைப்பட்டம்வரை பொறுங்கள். அதுவரை அந்தப் பையில் கீரை விதையுங்கள்.